வாறன் அப்பு

அன்றைக்கு முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். யன்னலோரம், சுடுநீர் ஓடும் இரும்புக் கணப்புக்குப் பக்கத்துக் கதிரையில் வீட்டுக்காரன் இரவிச்சந்திரன். அவனுக்கு எதிரே நீளச் சோபாவின் ஒரு முனையில் அவனுடைய சிநேகிதர் அம்புறோஸ். மற்ற முனையில், மடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு, அம்புறோஸின் மனைவி செலீன். சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு, ஒரு காதை அடுப்புக்கும் ஒரு காதை விருந்தாளிகளுக்கும் கொடுத்தபடி இரவிச்சந்திரனின் மனைவி இந்திராதேவி. கம்பளத்தின் நடுவில் காலை மடக்கிக்கொண்டு, வீட்டுக்குள்ளும் கழற்றாத சிவப்புக் கம்பளித் தொப்பியோடு, அவளுடைய எட்டு வயது மகள் சாம்பவி. எல்லோருடைய சப்பாத்துகளும் வாசற்கதவடியில் ரப்பர் விரிப்பின் மேல் பனி சொட்டிக்கொண்டு கிடந்தன.

இதையெல்லாம் இந்திராதேவி அன்றிரவே ஒழுங்குமுறையாக மனதில் இருத்திப் பார்த்தாள். விருந்தாளிகள் போய், பிள்ளையும் படுத்து, கணவன் குளிக்கப் போன பிறகு கோப்பைகளைப் பொறுக்க வந்தவளின் காலுறை சுவரோரம் சில்லென்று நனைந்தது. குனிந்து தொட்டாள். இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். தேத்தண்ணி இல்லை, நிறமும் பிசுபிசுப்பும் இல்லாத வெறும் தண்ணீர், விரல் நுனியை விறைக்க வைக்கிற குளிர். அதற்குள் உருகி முடியாத வெண்மை ஒன்று, ஒரு சிட்டிகை, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே கரைந்து போனது. அந்தச் சுவரோரம் ஒருவரும் இருக்கவில்லை. சப்பாத்தோடு ஒருவரும் உள்ளே வரவில்லை. அண்ணாந்து பார்த்தாள். கூரையில் கசிவில்லை. நேர் மேலே இருந்தது செலீன் அன்று கொண்டுவந்து கொடுத்த படம் ஒன்றுதான்.

பள்ளிக் கொப்பி ஒன்றின் அளவில், கண்ணாடிச் சட்டம் போட்ட படம். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளை வைத்துத் தேய்த்து எடுத்த ஜப்பான் நாட்டு அச்சு. மேலே வானம், கரையில் கடுநீலமாகத் தொடங்கிக் கீழே வர வர வெளிறிப்போகும் நீலம். அதற்குள் பலகையின் வரிகள் நீரோட்டம் போல ஓடின. இரண்டு பைன் மரங்கள். உறைந்த ஆறு. ஆற்றுக்கு அப்பால் பனிப்பாரத்தில் கூரை தாழ்ந்த சின்ன வீடு. அதன் கடதாசி யன்னலில், உள்ளே விளக்கு எரிவதால், குந்தியிருக்கும் ஒரு கிழவனின் நிழல். இந்தப் பக்கம், வீட்டை நோக்கி, முதுகில் விறகுக்கட்டோடு நடக்கும் ஒரு பையன். முகம் தெரியாது, முதுகுதான். மற்றதெல்லாம் பனி. பனிக்கென்று எந்த மையும் தடவவில்லை. தாளை அப்படியே வெறுமையாக விட்டிருந்தார்கள்.

"எங்கட வீட்டுச் சுவரில இடமில்லையடி இந்திரா," என்று செலீன் அன்று பின்னேரம் சொன்னாள். "ஒரு பக்கம் அந்தோனியார், ஒரு பக்கம் மடு மாதா."

"வீட்டில ஒரு கிழவனே போதும் எண்டிட்டாள்," என்றார் அம்புறோஸ். "என்னைத்தான் சொல்லுறாள்."

"சும்மா இருங்கோப்பா." செலீன் கர்க்லாண்டில் ஒரு பெரிய வீட்டைத் துப்புரவு செய்கிறவள். அந்த வீட்டுக்கார அம்மா, மதாம் லெமேய், முதியோர் இல்லத்துக்குப் போகிறாள். சாமான்களைக் கண்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிறாள். "அவவின்ர மனிசன் கப்பலில வேலை செய்தவராம். அந்த நாளில வாங்கினது. உந்தப் பெடியன் தகப்பன் குளிர் காய விறகு கொண்டு போறான். பெத்ததுகளைப் பாக்கிற பிள்ளையளைத்தான் அங்க படமா அடிச்சு வீட்டில வைப்பினமாம், தங்கட பிள்ளையளும் பாத்துப் பழகட்டும் எண்டு."

"அப்ப இஞ்ச வைக்க வேண்டிய படந்தான்," என்றான் இரவிச்சந்திரன், மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி.

சாம்பவி படத்துக்குக் கிட்டப் போய் மூக்கை வைத்துப் பார்த்தாள். "அம்மா, நீ இதைப் பாத்தியா? இதில சிவப்பே இல்லை."

"கேட்டியளே? தாயை நீ எண்டுறாள்," என்று அம்புறோஸ் சிரித்தார். "நாங்கள் தாயை நீ எண்டால் உதட்டில கொள்ளிக்கட்டைதான்."

"இஞ்ச பிறந்ததுகள் அப்பிடித்தான் அண்ணை. பள்ளிக்கூடத்தில பிரெஞ்சு, ரீவியில இங்கிலிசு. தமிழ் எண்டால் பாவைக்காய் தின்னுற மாதிரி." சொல்லும்போதே இந்திராதேவிக்கு முகம் சூடாகியது. ஊர்ச் சனங்களுக்கு முன்னால் பிள்ளை 'நீ' என்று கூப்பிடும்போதெல்லாம் யாரோ தன் சேலையைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

"மதாமின்ர மகனைப் பாக்க வேணும் நீ," என்றாள் செலீன். "ஐம்பது வயசு. கலியாணம் கட்டேல்லை. தாயின்ர காலை மடியில வைச்சுப் பிடிச்சுக்கொண்டே இருப்பான். ஒரு சத்தம் சலனம் இல்லை. தங்கம்."

இந்திராதேவி பெருமூச்சு விட்டாள். அப்படி ஒரு பிள்ளை.

படுக்கப் போகும் நேரம் சாம்பவி எழும்பி, எல்லோருக்கும் கையைக் காட்டி, "நான் போறன்," என்றாள்.

"பிள்ளை! எத்தினை தரம் சொன்னனான்? போறன் எண்டு வாயால சொல்லக் கூடாது. வாறன் எண்டு சொல்லு."

"நான் வரேல்லையே. போறன்தானே?"

"போனாலும் வாறன். போறன் எண்டால் திரும்பி வராத ஆக்கள் சொல்லுற கதை. சொல்லு, வாறன்."

"ஆருக்கு? எல்லாருக்குமா? படத்துக்குமா?"

"ஓம் ஓம், அந்த அப்புவுக்கும் சொல்லிப்போட்டுப் போ," என்றார் அம்புறோஸ்.

சாம்பவிக்கு அது பிடித்துக்கொண்டது. அப்பு என்று கூப்பிட அவளுக்கு இந்த நாட்டில் பாட்டன் ஒருவரும் இருக்கவில்லை. சுவரின் முன்னால் போய் நின்று, கைகளைக் கட்டி, மழலை பிரெஞ்சு றகரத்தோடு சொன்னாள்: "வாறன் அப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். இந்திராதேவியும்.

அதன் பிறகு அது ஒவ்வொரு காலையும் நடந்தது. மார்கழி மாதம், அவர்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனின் மாடிப் படிகளெல்லாம் உப்பும் பனிச்சேறுமாய்க் கிடக்கிற நாட்கள். சாம்பவி சப்பாத்தை மாட்டி, தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு, கதவைத் திறக்க முன் முன்னறைக்குத் திரும்பி "வாறன் அப்பு," என்று கத்திவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். தாய்க்குச் சொல்ல மறந்தாலும் படத்துக்குச் சொல்ல மறப்பதில்லை.

ஒரு நாள் இந்திராதேவி தையல் தொழிற்சாலையிலிருந்து வழக்கத்தை விட வேளைக்கு வந்தாள். முன்னறையில் பின்னேர வெயில் சரிந்து, யன்னல் வழியே சுவரைப் பக்கவாட்டில் வருடிக்கொண்டிருந்தது. கணப்புக் குழாய்கள் உள்ளே யாரோ விரலால் சுண்டுவது போல டிக் டிக்கென்றன. அந்தச் சூட்டோடு, அந்த வீட்டுக்கு உரியதல்லாத ஒரு மணம், வெட்டிய பச்சை மரத்தின் பிசின் மணம், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல வந்து வந்து போனது. படத்தின் வெறும் பனியில் அந்தச் சரிந்த வெளிச்சம் பட்டபோது அவள் ஒன்றைக் கண்டாள். மையில்லாத வெள்ளைத் தாளில் சிறுசிறு பள்ளங்கள். நகத்தால் அழுத்தின மாதிரி. ஒன்றுக்குப் பின் ஒன்றாய். காலடிகள்.

பையன் நடந்து வந்த அடிகள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவை பையனுக்குப் பின்னால் இல்லை. வீட்டு வாசலில் தொடங்கி ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தன. கண்ணாடியில் மூச்சுப் படுகிற அளவுக்குக் கிட்டப் போனாள். ஒவ்வொரு பள்ளத்தின் முன்னாலும் ஊசி குத்தினது போல ஐந்து புள்ளிகள். வெறுங்கால். விரல்களெல்லாம் இந்தப் பக்கம் பார்த்தபடி.

"பழைய தாளப்பா," என்றான் இரவிச்சந்திரன். மாலை வேலைக்காரன், புவாண்ட்-கிளேர் களஞ்சியத்துக்குப் போகும் அவசரத்தில் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தான். "கணப்புச் சூட்டுக்குச் சுருங்குது. உனக்கு எல்லாத்திலயும் ஒரு கண்டுபிடிப்பு."

அவள் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் அது சுவரில் தொங்கியது.

"பிள்ளை கேட்டு அழுதாள், கொழுவினனான்," என்றான் அவன். "நல்லதை ஆசைப்பட்டுக் கேக்கிறாள். விடன்."

காலடிகள் இப்போது படத்தின் கீழ் விளிம்புக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றன.

அன்றிரவு போர்வையை இழுத்து மூடும்போது சாம்பவியின் காலுறை ஈரமாக இருந்தது. "எங்க போனனி?"

"எங்கயும் போகேல்லை. படத்துக்குக் கிட்ட நிண்டனான்." பிள்ளை இருட்டில் கண்ணை விரித்துக்கொண்டு படுத்திருந்தாள். "அம்மா, அப்பு என்னோட கோவம்."

"ஆர் அப்பு?"

"ஒவ்வொரு நாளும் வாறன் வாறன் எண்டு சொல்லுறாய், ஏன் வரேல்லை எண்டு கேக்கிறார்."

இந்திராதேவியின் கை போர்வையிலேயே நின்றுவிட்டது. "அது அப்பிடியில்லைக் குஞ்சு. வாறன் எண்டால், போயிட்டு வாறன் எண்டு அர்த்தம். போயிட்டு இஞ்சதான் திரும்பி வாறன் எண்டு. அங்க வாறன் எண்டில்லை."

"எனக்குத் தெரியும். அப்புவுக்குத் தெரியாதே." சாம்பவி திரும்பிப் படுத்தாள். "அவர் தமிழ் இல்லைத்தானே, அம்மா."

விடியும்வரை இந்திராதேவி கண் மூடவில்லை. பிள்ளையின் பயம், பிள்ளையின் கற்பனை என்று நூறு தரம் சொல்லிப் பார்த்தாள். நூறு தரமும் ஊசிப் புள்ளி விரல்கள் வந்து நின்றன. ஒரு வார்த்தை கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொண்டால், அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க ஒரு வழிதான் உண்டு. பிள்ளை படத்தின் முன்னால் நின்று 'போறன்' என்று சொல்ல வேண்டும். அவள் தானாகவே சொன்ன சொல். தாய்தான் அடக்கி வைத்த சொல்.

காலையில் கதவடியில் சாம்பவி திரும்பினாள். இந்திராதேவி வாயைத் திறந்தாள். போறன் எண்டு சொல்லு பிள்ளை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பெற்ற பிள்ளை வாசலில் நின்று, வெளியே போகிற நேரத்தில், அந்தச் சொல்லைச் சொல்லுவதைக் காதால் கேட்பதா? நாக்கு எழும்பவில்லை. தாயும் தாயின் தாயும் வாயில் எடுக்காத சொல், அவள் பல்லுக்குப் பின்னால் கல்லாய்க் கிடந்தது.

"ஒண்டும் சொல்லாமப் போ," என்றாள் கடைசியில்.

சாம்பவி படத்தைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பாவம் அப்பு," என்றாள். போனாள்.

அன்று பள்ளிக்கூடத்தால் வந்தவள் வழக்கம் போலச் சப்பாத்தை உதறி எறிந்தாள். பிரெஞ்சில் ஏதோ பாட்டு. பாணுக்குச் சீஸ் வைத்துத் தரச் சொல்லிச் சண்டை. இந்திராதேவிக்கு அந்தச் சண்டை தேன் மாதிரி இருந்தது. "போ, முன்னறையில இரு, கொண்டு வாறன்," என்றுவிட்டு வெண்காயம் வெட்டினாள். வெளியே நாலரை மணிக்கே இருண்டுவிட்டது. முன்னறையில் பாட்டுக் கேட்டது. கணப்பு டிக் டிக்கென்றது. பிறகு பாட்டு நின்றது. கணப்பும் நின்றது. காலடியில், நிலத்தோடு ஒட்டி, குளிர்காற்று ஒன்று ஊர்ந்து வந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. பைன் பிசின் மணம். வெண்காய மணத்தை விலக்கிக்கொண்டு வந்தது.

"சாம்பவி?"

வெண்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"பிள்ளை?"

கத்தியை வைத்துவிட்டு ஓடப் பார்த்தவள் வாசலில் மகளோடு மோதிக்கொண்டாள். சாம்பவி கை கட்டி நின்றாள். தலைமயிர் நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது.

"அம்மா," என்றாள். "உங்களுக்கு ஏதும் உதவி செய்யட்டே?"

உங்களுக்கு. எட்டு வருடங்களில் முதல் முறையாக. றகரமும் லகரமும் வாய்க்குள் சுத்தமாக உருண்டு வந்தன. அந்த ஒரு கணம், ஒரேயொரு கணம், இந்திராதேவிக்கு நெஞ்சு பூரித்துப் போனது. அதைப் பின்னால் அவளால் மறக்கவே முடியவில்லை.

அதன் பிறகு வீட்டில் சண்டை இல்லை. சாம்பவி பாவைக்காயைத் தின்றாள். கோப்பை கழுவினாள். தகப்பனின் சப்பாத்தைத் துடைத்து ஒழுங்காக வைத்தாள். பிரெஞ்சில் ஒரு சொல் வரவில்லை. பள்ளிக்கூடம் போகும்போது தாயையும் தகப்பனையும் பார்த்து, "வாறன் அம்மா, வாறன் அப்பா," என்றாள். படத்துக்கு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

"பாத்தியே? பிள்ளை திருந்திட்டாள்," என்று இரவிச்சந்திரன் மனம் குளிர்ந்து போனான். "அம்புறோஸ் அண்ணைக்கு ஒரு விருந்து வைக்க வேணும்."

"கையைத் தொட்டுப் பாத்தியளே?"

"குளிர்காலத்தில கை குளிராமல்?"

அவள் தொட்டுப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு இரவும். படுத்த பிறகு சாம்பவி வந்து கால்மாட்டில் இருந்து, போர்வையை விலக்கி, தாயின் பாதங்களை மடியில் எடுத்து வைத்து அழுத்துவாள். நேர்த்தியான அழுத்தம். எலும்பு எலும்பாகத் தேடிப்பிடித்து அழுத்துகிற சின்ன விரல்கள். உருகாத பனியின் குளிர். "காணும் பிள்ளை, போய்ப் படு," என்றால், "நீங்கள் படுங்கோ அம்மா," என்பாள். ஒரு விடியற்புறம் இந்திராதேவி கண் விழித்தபோது அவள் அங்கேயே இருந்தாள். அதே இருப்பு. இருட்டில் நிமிர்ந்து. கண் மூடாமல். கைகள் மட்டும் மெல்ல மெல்ல.

செலீனுக்கு ரெலிபோன் எடுத்தாள். தொடங்கினவள் எப்படி முடிப்பது என்று தெரியாமல், "மதாமின்ர மகனைப் பற்றிச் சொன்னியளே," என்றாள்.

"அதையேன் கேக்கிறாய்?" செலீனின் குரல் இறங்கியது. "உனக்கு நான் அண்டைக்குச் சொல்லேல்லை. படம் தாற நேரம் மனிசி ஒரே அழுகை. படத்தில போற பெடியனில விரலை வைச்சு, 'மொன் ஃபிஸ், மொன் ஃபிஸ்' எண்டுது. என்ர மகன் எண்டு. பக்கத்திலயே மகன் சூப்புக் கோப்பையோட நிக்கிறான். எனக்கு வெக்கமாப் போச்சு. வயசு போனால் மூளையும் போகும்தானே. ஆனா ஒண்டு இந்திரா…"

"என்ன?"

"அவன் காலைத் தொட்டால் மனிசி கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும். அடி வாங்கப் போற பிள்ளை மாதிரி."

ரெலிபோனை வைத்தபோது சாம்பவி பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கையில் தண்ணீர்க் கோப்பை. "தாகமா இருக்குமெண்டு கொண்டு வந்தனான்."

படம். எல்லாம் அந்தப் படம்தான். அது இந்த வீட்டில் இருக்கும்வரை பிள்ளை பிள்ளையாக இருக்க மாட்டாள். அது போனால் இந்தப் பிடி விடும். பிள்ளை திரும்பவும் 'நீ' என்பாள், சப்பாத்தை உதறுவாள். எரிக்கப் பயமாக இருந்தது. கிழிக்கப் பயமாக இருந்தது. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. முதியோர் இல்லத்து விலாசத்தைச் செலீனிடம் கேட்டு வாங்கினாள். மேசையைத் துடைத்து, தாளை நேராக வைத்து, வலப்பக்க மூலையில் திகதி போட்டு, தெரிந்த பிரெஞ்சில் எழுதினாள். 'மதிப்புக்குரிய மதாம், உங்கள் படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எங்கள் வீட்டில் ஒரு சிறு பிள்ளை இருக்கிறது. மன்னிக்கவும்.' அதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை. கையொப்பம் வைத்தாள்.

படத்தைப் பார்க்கவில்லை. அதில் ஒரு வைராக்கியம். ஒரு துவாயைப் போட்டு மூடித்தான் சுவரிலிருந்து எடுத்தாள். பிடித்த கைகளில் சட்டம் விறைத்தது. மேசையில் குப்புறக் கவிழ்த்து, பின்பலகையின் ஆணிகளைக் கத்தி நுனியால் நெம்பி, பலகையை எடுத்தாள். தாளின் முதுகு தெரிந்தது. வெண்காயத் தோல் போல மெல்லிய தாள். முன்பக்கத்து மை ஊறிப் பின்னாலும் மங்கலாகத் தெரிந்தது. நீலம். கறுப்புப் பைன். ஒரு ஓரத்தில், மிளகளவு, ஒரு சிவப்பு.

அச்சடித்தவனின் முத்திரையாக இருக்கும் என்று எண்ணினாள். அப்படியே கவிழ்த்தபடி இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்தாள். கடிதத்தை மேலே வைத்தாள். பெரிய மண்ணிற உறைக்குள் தள்ளினாள்.

"நான் ஒட்டுறன் அம்மா," என்றாள் சாம்பவி.

உறையின் வாயை நாக்கால் தொட்டு ஈரமாக்கி, விரலால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, ஒரு மடிப்பும் விழாமல் ஒட்டினாள். தபால் முத்திரைகளையும் அவளே ஒட்டினாள். வரிசையாக. சிரித்தாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாலரை மணி இருட்டு. தெரு விளக்குகளைச் சுற்றி வெள்ளைப் பூச்சிகள் மாதிரி. டெப்பனேர் சில்லறைக் கடை முனையில் நிற்கும் சிவப்புத் தபாற்பெட்டி வரை நூறு அடி தூரம்கூட இல்லை. ஆனால் நடக்க நடக்க எட்டாதது போல இருந்தது. ஒரு கக்கத்தில் உறை. மறு கையில் பிள்ளையின் கை. பிள்ளையின் தலையில் பனி விழுந்து விழுந்து நின்றது. உருகவில்லை.

"தொப்பி எங்கை பிள்ளை?"

"காணேல்லை அம்மா."

"எங்கை விட்டனி? அந்தச் சிவப்பை விட்டிட்டு நீ படுக்கவும் மாட்டாயே."

"காணேல்லை அம்மா."

பெட்டியின் இரும்பு வாயை இழுத்துத் திறந்தாள். குளிரில் அது முனகியது. உறையை உள்ளே வைத்தாள். விட்டாள். வாய் மூடிக்கொண்டது. உறை அடியில் விழுந்த சத்தம் கேட்டது.

முடிந்தது. மூச்சு விட்டாள். வெண்புகையாய்ப் போனது.

அப்போதுதான்.

சிவப்பு.

'அம்மா, நீ இதைப் பாத்தியா? இதில சிவப்பே இல்லை.'

அந்தப் படத்தில் சிவப்பு இல்லை. முத்திரை இல்லை. எங்கேயும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

இந்திராதேவி இரும்பு வாயை இழுத்தாள். கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை. குறுக்கே தகடு. வழி இல்லை. விரல் எட்டவில்லை. காதை வைத்தாள். இரும்பு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே காற்று வீசியது. பெட்டிக்குள் இருக்க முடியாத அளவு பெரிய காற்று. பைன் மணம். மிகத் தூரத்தில், மிகச் சின்னதாக, மழலை றகரத்தோடு ஒரு குரல்.

"அம்மா? நீ எங்க நிக்கிறாய்?"

கத்தினாள். சத்தம் வரவில்லை.

"அப்பு கூப்பிடுறார், அம்மா." பொறுத்துப் பார்த்தது போல ஒரு இடைவெளி. "நான் போறன்."

பிறகு காலடிகள். சின்னக் கால்கள். பனியில் நறுக். நறுக். நறுக். தள்ளிப் போயின. இன்னும் தள்ளி.

அவளுடைய கைக்குள் இருந்த கை மெல்ல இறுகியது. எலும்பு எலும்பாகத் தேடிப்பிடித்து.

"வாங்கோ அம்மா," என்றது அது, அப்பழுக்கில்லாத தமிழில். "வீட்டை போவம். உங்களுக்குக் கால் குளிருது."